உடைந்த இடையனும் இறுகாத மாவும்

திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில், ஒவ்வோர் ஆண்டையும் போலவே, குடில் கட்டும் பொறுப்பு பத்தாம் வகுப்பினராகிய எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பண்டக அறையிலிருந்து வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டியைத் தூக்கி வந்து, மாதா, சூசையப்பர், மூவரசர், வானதூதர் என்று ஒவ்வொரு சுரூபமாக வெளியே எடுத்து, ஈரத்துணியால் துடைத்து வரிசையாக வைத்தோம். தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்து நிற்கும் இடையனை எடுக்கும்பொழுது கை தவறியது. யாருடைய கை என்பதை இங்கே எழுதுவதில்லை என்று எங்களுக்குள் உடன்பாடு.

அந்த இடையன் கடையில் வாங்கப்பட்டவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன்பு இப்பள்ளியில் ஓவியம் கற்பித்து, இன்று இறைவனடியில் இளைப்பாறும் ஒரு சிஸ்டர் தம் கையாலேயே அச்செடுத்து, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் வார்த்துச் செய்தது. அச்சு எப்பொழுதோ தொலைந்துவிட்டது. கீழே விழுந்ததில் இடையனுடைய இடக்கை முழங்கையோடு பெயர்ந்தது. ஆட்டுக்குட்டி மூன்று துண்டாயிற்று. 1223-ஆம் ஆண்டு கிரேச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் அமைத்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினாராம். அவருக்கு இந்தக் கவலை இருந்திராது!

“பசை போட்டு ஒட்டிவிடலாம்” என்றாள் எங்களுள் ஒருத்தி. அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் அந்த வாரந்தான் நாங்கள் அறிவியல் வகுப்பில் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்ற பாடத்தைத் திருப்பிப் படித்திருந்தோம். (இக்காலப் பாடநூல்கள் இவற்றை இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்கின்றன. நம் அன்னையர் படித்த பெயர்களிலேயே நாங்கள் எழுதுகிறோம்.) பௌதிக மாற்றத்தில் புதிய பொருள் உண்டாவதில்லை, அது பொதுவாக மீளக்கூடியது. இரசாயன மாற்றத்தில் புதிய பொருள் உண்டாகிறது. அது பொதுவாக மீளாதது. இது எங்களுக்கு மனப்பாடம்.

எங்கள் தர்க்கம் இப்படி ஓடியது. சுரூபம் உடைந்தது, உடைதல் ஒரு பௌதிக மாற்றம், பௌதிக மாற்றம் மீளும். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் வெள்ளை மாவு. அதை நீரில் குழைத்தால் கல்லாக இறுகும். ஆகவே உடைந்த துண்டுகளை மறுபடி மாவாக்கி, நீரில் குழைத்து, கையையும் ஆட்டுக்குட்டியையும் புதிதாகச் செய்துவிட்டால் ஒட்டுப்போட்ட வடுவே தெரியாதல்லவா?

வண்ணத்தைச் சுரண்டி எடுத்தோம். ஆய்வுக்கூடத்துக் கல்வத்தில் இட்டு இரண்டு மாலை நேரம் இடித்து அரைத்தோம். மெல்லிய துணியில் சலித்தோம். ஏறக்குறைய 300 கிராம் வெண்மாவு கிடைத்தது. பார்ப்பதற்குக் கடையில் விற்கும் பிளாஸ்டர் ஆப் பாரிஸுக்கும் அதற்கும் எள்ளளவும் வேற்றுமை இல்லை. பெருமையோடு நீரில் குழைத்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. இரவு முழுவதும் வைத்திருந்தோம். காலையில் வந்து பார்த்தால் சேறு சேறாகவே இருந்தது. வெயிலில் காயவைத்தோம், விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

அப்பொழுதுதான் வயிற்றைக் கலக்கியது. பசை போட்டு ஒட்டக்கூடிய துண்டுகள் இருந்தன. அவற்றையும் நாங்களே மாவாக்கிவிட்டோம். சிஸ்டர் செய்த ஆட்டுக்குட்டி இனி உலகில் இல்லை.

ஒளித்து வைக்க வழியில்லாமல், தட்டோடு அறிவியல் சிஸ்டரிடம் போய் நின்றோம். அவர் திட்டவில்லை. சற்று நேரம் அந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆய்வுக்கூட அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அதிலிருந்த பிளாஸ்டர் ஆப் பாரிஸில் ஒரு கரண்டியை ஒரு காகிதத்திலும், எங்கள் மாவில் ஒரு கரண்டியை இன்னொரு காகிதத்திலும் கொட்டினார். எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் காகிதங்களை இடம் மாற்றினார்.

“இப்போது சொல்லுங்கள் பிள்ளைகளா, எது எது?”

நாங்கள் பார்த்தோம், தொட்டோம், முகர்ந்தோம். சொல்ல முடியவில்லை. இரண்டு சிறு கிண்ணங்களில் அவற்றைத் தனித்தனியே நீரில் குழைத்துக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சில நிமிடங்களில் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பாயிற்று, உள்ளிருந்தது கெட்டியாயிற்று, தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. மற்றது குளிர்ந்தே கிடந்தது.

“பார்வைக்கு ஒன்று, பொருள் இரண்டு. உங்கள் தர்க்கம் எங்கே வழுக்கியது என்று கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினார். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. கண்டுபிடித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஜிப்சம் என்று ஒரு கனிமம் உண்டு. நம் மாநிலத்தில் திருச்சி வட்டாரத்தில் அது மண்ணிலிருந்து எடுக்கப்படுகிறது. சிமெண்டு செய்பவர்கள் அதைச் சேர்க்கிறார்கள். பாரிஸ் நகரத்து மோன்மார்த்துக் குன்றில் அது ஏராளமாக வெட்டி எடுக்கப்பட்டதால்தான் பிளாஸ்டருக்குப் பாரிஸின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டும் நீரும் சேர்ந்த படிகம். ஒரு பங்கு கால்சியம் சல்பேட்டுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள். இந்த நீர் துணியில் ஊறிய நீரைப் போன்றதன்று. பிழிந்தாலும் வராது, வெயிலில் காயவைத்தாலும் போகாது. படிகத்தின் கட்டமைப்பிலேயே, சுவரில் செங்கல் போல, அது இடம்பெற்றிருக்கிறது. படிக நீர் என்று அதற்குப் பெயர்.

ஜிப்சத்தை 120 முதல் 150 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால் அந்நீரில் நான்கில் மூன்று பங்கு ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சும் மாவில் இரண்டு பங்கு கால்சியம் சல்பேட்டுக்கு ஒரே ஒரு நீர் மூலக்கூறுதான் இருக்கும். அதுவே பிளாஸ்டர் ஆப் பாரிஸ். கணக்குப் போட்டால் 100 கிராம் ஜிப்சத்திலிருந்து ஏறத்தாழ 84 கிராம் பிளாஸ்டர் கிடைக்கும்; மீதி 16 கிராம் நீராவி. இந்தப் பிளாஸ்டரை நீரில் குழைத்தால் அது இழந்த நீரைத் திரும்பப் பற்றிக்கொள்கிறது. பற்றும்பொழுது வெப்பம் வெளிப்படுகிறது. மறுபடியும் ஜிப்சப் படிகங்கள் ஊசி ஊசியாக வளர்ந்து, கூடை முடைவதுபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல்தான் இறுக்கம்.

ஆக, குடிலில் நிற்கும் இடையன் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அல்லன், அவன் ஜிப்சம்! வார்த்த அன்றைக்கே மாறிவிட்டவன். அவனை உடைத்தாலும் ஜிப்சம், இடித்தாலும் ஜிப்சம், துணியில் சலித்தாலும் ஜிப்சம். ஏற்கெனவே நீரால் வயிறு நிறைந்த பொருளுக்கு மேலும் நீர் ஊற்றினால் அது என்ன செய்யும்? நனையும், அவ்வளவுதான். கரும்பலகையில் எழுதும் சாக்பீஸும் நம் ஊரில் பெரும்பாலும் இதே ஜிப்சந்தான். சாக்பீஸ் தூளைக் குழைத்து யாராவது சாக்பீஸ் செய்திருக்கிறார்களா என்று நாங்கள் ஒரு கணம் நினைத்திருந்தால் போதும்.

இந்த உண்மையை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் யார் என்று தேடியபொழுது எங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. நவீன இரசாயனத்தின் தந்தை எனப்படும் லவாய்சியர், 1765-ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தில் தம் முதல் ஆய்வுரையை ஜிப்சத்தைப் பற்றித்தான் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 21. ஜிப்சத்தைச் சூடாக்கும்பொழுது வெளியேறுவது நீரே என்பதையும், பிளாஸ்டர் இறுகும்பொழுது அந்நீரையே திரும்பப் பெறுகிறது என்பதையும் அவர் காட்டினார். பின்னாளில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் குறிப்பெழுதியவரும், 1789-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலுக்குக் கருவிகளின் படங்களை வரைந்தவரும் அவருடைய மனைவி மரி ஆன் போல்ஸ் அம்மையார். நம்மைப் போல் கன்னியர் மடத்தில் கல்வி கற்றவர். பதின்மூன்று வயதில் மணமானவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794 மே 8 அன்று, அவருடைய தந்தையும் கணவரும் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். கணவரின் எஞ்சிய கட்டுரைகளை அச்சேற்றியவர் அவரே. பாடநூல்களில் அவர் பெயரை நாங்கள் கண்டதில்லை.

இனி எங்கள் தர்க்கம் வழுக்கிய இடத்துக்கு வருவோம். பாடநூல் சொன்னதில் மையமான வாக்கியம், புதிய பொருள் உண்டாகிறதா இல்லையா என்பது. மீளுமா மீளாதா என்பது அதன் வாலில் ஒட்டிய குறிப்பு. நாங்கள் தலையை விட்டு வாலைப் பிடித்தோம். “புத்தகம் பொய் சொல்லவில்லை. அதிலிருந்த ‘பொதுவாக’ என்ற சொல்லை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள்” என்றார் சிஸ்டர்.

மீளாத பௌதிக மாற்றங்கள் எத்தனை! அரிசியை மாவாக்கிய பிறகு அதை யாரால் அரிசியாக்க முடியும்? தச்சர் இழைத்துத் தள்ளிய மரத்தூளை யாரால் பலகையாக்க முடியும்? ஆனால் மாவும் அரிசியும் ஒரே பொருள்; மரத்தூளும் மரமும் ஒரே பொருள். சுரூபம் உடைந்ததும் அப்படியே. வடிவம் போயிற்று, பொருள் போகவில்லை.

மறுபுறம், மீளுகின்ற இரசாயன மாற்றத்தை ஒவ்வொரு வாரமும் நம் வீட்டுத் துவைகல்லில் காண்கிறோம். வெள்ளைச் சீருடையில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்புப் போட்டால் மஞ்சள் கறை திடீரென்று சிவப்பாகிறது. பயந்துபோய் நீர்விட்டு அலசினால் மறுபடி மஞ்சளாகிறது. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் செக்கச் செவேலென்று ஆவதும் இதுவே. அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பாருங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தோடு வினைபுரிந்து வேறொன்றாகிறது. அமிலம் வந்ததும் பழையபடி ஆகிறது. போய்த் திரும்பும் இரு வழியும் இரசாயன மாற்றந்தான்.

அப்படியானால் வேறு அடையாளங்களை நம்பலாமா? நிறம் மாறுதல், வாயு வெளிவருதல், வெப்பம் உண்டாதல் என்று வகுப்பில் ஒரு பட்டியல் எழுதிக்கொள்கிறோம். இவை துப்புகளே அன்றித் தீர்ப்புகள் ஆகமாட்டா. கோலி சோடாவைத் திறந்தால் குபுகுபுவென்று நுரை பொங்குகிறது. ஆயினும் அங்கே வெளிவருவது அழுத்தத்தில் ஏற்கெனவே கரைத்து வைத்த கரியமில வாயு. சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் வரும் நுரை அப்படியன்று. அந்த வாயு அந்தக் கணத்தில் புதிதாகப் பிறக்கிறது. நுரை இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கின்றன. துப்பு கிடைத்ததும் தீர்ப்பு எழுதிவிடாமல், வந்தது எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கவேண்டியிருக்கிறது.

சிற்றாலயத்துப் பீடத்தில் எரியும் மெழுகுவர்த்தியைப் பாருங்கள். இரண்டு மாற்றங்களும் ஒரே இடத்தில், ஒரு விரற்கடை உயரத்துக்குள் நடக்கின்றன. திரியின் அடியில் மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு திரியில் ஏறி ஆவியாகிறது. இவை பௌதிக மாற்றங்கள். அந்த ஆவி காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்து கரியமில வாயுவும் நீராவியும் ஆகிறது. இது இரசாயன மாற்றம். எரிவது கெட்டி மெழுகன்று, மெழுகின் ஆவியே என்பதற்கு ஒரு சான்று உண்டு. நன்றாக எரிந்த மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில், திரியைத் தொடாமல், சற்று உயரத்தில் காட்டினால் சுடர் புகைவழியே கீழே பாய்ந்து திரியைப் பற்றிக்கொள்ளும். அந்த வெண்புகை இன்னும் மெழுகே. மைக்கேல் பாரடே 1860-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் காலத்தில் இலண்டனில் சிறுவர் சிறுமியருக்கென்று ஒரு மெழுகுவர்த்தியை மட்டுமே பொருளாக வைத்துத் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். மறுநாள் திருப்பலிக்கு முன் இச்சோதனையைச் செய்து பார்த்த எங்களைச் சக்கிறிஸ்தியான் அண்ணன் விரட்டியதையும் இங்கே பதிவு செய்கிறோம். செய்பவர்கள் பெரியோர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்க.

எல்லா மாற்றங்களையும் இரண்டு பெட்டிகளில் போட்டுவிட முடியும் என்றும் நாங்கள் சொல்லவரவில்லை. உப்பு நீரில் கரைவதைப் பாடநூல்கள் பௌதிக மாற்றம் என்கின்றன. நீரை வற்றவிட்டால் அதே உப்பு திரும்பக் கிடைக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் அதுதான் நடக்கிறது. ஆனால் கரையும்பொழுது சோடியமும் குளோரினும் அயனிகளாகப் பிரிந்து ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. உப்புப் படிகத்தைக் கட்டி வைத்திருந்த பிணைப்புகள் அவிழ்கின்றன. ஆகவே இதை முற்றிலும் பௌதிகம் என்று சொல்லத் தயங்கும் ஆசிரியர்களும் உண்டு. தேர்வில் பாடநூல் விடையையே எழுதுங்கள். மனத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் எங்கள் மாவு என்ன ஆயிற்று?

பிளாஸ்டர் இறுகியது இரசாயன மாற்றம் என்று தெரிந்ததும் முதலில் மனமுடைந்தோம். பிறகுதான் உறைத்தது: ஜிப்சத்தைச் சூடாக்கித்தானே பிளாஸ்டர் செய்கிறார்கள்? நம்மிடம் இருப்பது ஜிப்சம் என்றால், நாமும் சூடாக்கலாமே! சிஸ்டர் சிரித்துக்கொண்டே, “அதைத்தான் எப்போது கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

காய்ந்த மாவில் 100 கிராம் நிறுத்து எடுத்து, விடுதிச் சமையலறையில் இரும்புச் சட்டியில் இட்டு வறுத்தோம். சிறிது நேரத்தில் ஓர் அழகான காட்சி. மாவு கொதித்தது! காய்ந்த மாவில் சிறு சிறு குழிகள் விழுந்து, புகை போல் ஆவி எழுந்து, பால் பொங்குவதுபோல் அலையடித்தது. மேலே குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடித்தோம். முத்து முத்தாக நீர் கோத்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஓவிய சிஸ்டர் இடையனை வார்க்கும்பொழுது ஊற்றிக் குழைத்த நீரும் அதில் கலந்திருந்தது என்று எண்ணியபொழுது எங்களில் ஒருவரும் பேசவில்லை.

ஆர்வக் கோளாறால் அடுப்பைக் குறைக்காமல் சட்டியின் அடி சிவக்கும்வரை வறுத்துவிட்டோம். ஆறியபின் நிறுத்தால் 79 கிராம். குழைத்தோம்; இறுகவில்லை. சிஸ்டர் கணக்குப் போடச் சொன்னார். ஜிப்சத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு நீர். 100 கிராமில் 21 கிராம் போய்விட்டதென்றால் ஒரு சொட்டு நீரும் மிஞ்சவில்லை என்று பொருள். அளவுக்கு மீறிச் சுட்ட இத்தகைய பிளாஸ்டர் நீரை எளிதில் ஏற்பதில்லை. இத்தொழிலில் இருப்பவர்கள் இதைச் செத்த பிளாஸ்டர் என்பார்கள். பார்வைக்கு அதுவும் அதே வெண்மாவு. ஆக எங்கள் மேசையில் இப்போது மூன்று வெண்மாவுகள். மூன்றும் வெவ்வேறு பொருள்கள். கண்ணால் பிரிக்க முடியாத அவற்றைத் தராசு பிரித்துக் காட்டியது.

இரண்டாம் முறை எச்சரிக்கையானோம். மணல் பரப்பிய தட்டில் கிண்ணத்தைப் புதைத்து, மாவினுள் வெப்பமானியைச் செருகி, 150 டிகிரியைத் தாண்டாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிளறிக்கொண்டே இருந்தோம். நிறுத்தபொழுது 85 கிராம். கணக்கு சொன்ன 84-க்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே என்று குதித்தோம். ஒரு கரண்டி எடுத்துக் குழைத்தால் மூன்றே நிமிடத்தில் கிண்ணத்திலேயே கல்லாயிற்று, கரண்டியும் மாட்டிக்கொண்டது. மறுசுற்றுப் பிளாஸ்டரில் மாறாத ஜிப்சத் துகள்கள் சில தங்கிவிடும். அவற்றைப் பற்றிக்கொண்டு புதுப் படிகங்கள் விரைந்து வளர்வதால் அது சீக்கிரம் இறுகிவிடுமாம். கடைப் பிளாஸ்டரைவிட அதற்கு வலுவும் சற்றுக் குறைவு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறுகும்பொழுது வெப்பம் வெளிப்படும் என்றோமே, கிண்ணத்தளவு மாவில் அது இதமான வெதுவெதுப்பு. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் அந்த வெதுவெதுப்பை அறிவார்கள். 1851-இல் நெதர்லாந்து நாட்டு இராணுவ மருத்துவர் மாத்தைசன் வகுத்த அந்த முறை, கண்ணாடியிழைக் கட்டுகள் வந்துவிட்ட பின்னும் இன்றுவரை உதவுகிறது. அது மெல்லிய கட்டு. வெப்பம் வெளியேற வழி உண்டு. வாளி நிறையக் குழைத்து அதில் கையை வைத்தால் கதையே வேறு. 2007-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் கலை வகுப்பில், 16 வயது மாணவி ஒருத்தி தன் கைகளின் அச்சை எடுப்பதற்காக வாளியிலிருந்த பிளாஸ்டரில் இரு கைகளையும் அமிழ்த்தினாள். மாவு இறுகிக் கைகளைப் பிடித்துக்கொண்டது, வெப்பம் 60 டிகிரி வரை ஏறியது, இழுக்க முடியவில்லை. விரல்களில் பெரும்பாலானவற்றை அவள் இழந்தாள். மாவு காய்கிறது என்று மட்டும் நினைத்தவர்களுக்கு அது சூடாகும் என்று தோன்ற வழியில்லை. நம் பள்ளியிலும் களிமண் வேலைக்கும் கண்காட்சிக்கும் இந்த மாவைப் பயன்படுத்துகிறோம். உடம்பின் எந்தப் பகுதியையும் அதில் புதைக்காதீர்கள். தம்பி தங்கையரிடமும் சொல்லிவையுங்கள்.

திருவிழாவுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் தளதளவென்று கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அதன் வரலாறும் பிளாஸ்டரின் வரலாற்றுக்கு உடன்பிறந்ததுதான். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் 100 பங்கில் 44 பங்கு கரியமில வாயுவாகப் பறந்துவிடும். நீற்றிச் சுவரில் பூசியபின் அது நாளடைவில் காற்றிலிருந்து அவ்வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடியும் கிளிஞ்சல் எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளாகவே ஆகிவிடும். கடற்கரையில் கிடந்த சிப்பியின் பொருள்தான் பழைய கோவில்களின் சுண்ணாம்புச் சுவரில் நிற்கிறது.

மிச்சமிருந்த மாவையும் அதே முறையில் வறுத்தோம். அதைக் கொண்டே கையைச் செய்ய வேண்டுமா, கடைப் பிளாஸ்டரில் செய்வதா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. கடைச் சரக்கு வலுவானது, வழவழப்பானது. ஆனாலும் அந்த ஓவிய சிஸ்டர் குழைத்த அதே கால்சியமும் சல்பேட்டும் இடையனிடமே திரும்பட்டும் என்று முடிவாயிற்று. மூன்று நிமிடத்துக்குள் வடிவம் கொடுக்க வேண்டியிருந்ததால் கையை நான்கு முறை செய்தோம். கெட்டுப்போன ஒவ்வொரு கையையும் இடித்து, வறுத்து, மறுபடி குழைத்தோம். நான்காவது கை தேறிற்று. முழங்கையருகே சிறிய மூங்கில் குச்சியைச் செருகிப் பொருத்தினோம். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய மாலையில் வண்ணம் காய்ந்து, இடையன் குடிலில் தன் இடத்தில் நின்றான். மதர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இடையனை மட்டும் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தி வைத்தார்.

ஆட்டுக்குட்டிதான் எங்களுக்குச் சரியாக அமையவில்லை. காதுகள் சற்றே பெரிதாகிவிட்டன, வாலும் நிமிர்ந்துவிட்டது. இடையன் ஏன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று முதல் வகுப்புச் சிறுமியர் இன்றும் எங்களைக் கேட்கிறார்கள்.